28 டிகிரி அலமாரி: பழைய ஃபிரிட்ஜில் டிரைக்கோடெர்மா வளர்ப்பு

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் என்று நாம் கடையில் வாங்குகிற பாக்கெட் எல்லாம் உயிருள்ள சரக்கு. டால்க் பவுடரும் கரித்தூளும் அந்த உயிரைச் சுமந்து வருகிற வண்டி மட்டுமே. ஆனால் அந்தப் பாக்கெட் நம் கைக்கு எப்படி வருகிறது என்று யோசித்திருக்கிறோமா? லாரியில் வெயில் பட்டு வருகிறது. தகரக் கூரை போட்ட கடையில் உர மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்புறம் நம்ம பம்ப்செட் ரூம் பரணில் ஒரு மாதம் தூங்குகிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் களக்காடு பக்கம் நிழலிலேயே 38 டிகிரி அடிக்கும். தகரத்துக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரைக்கோடெர்மா நன்றாக வளர்வது 25 முதல் 30 டிகிரி வரை. 35ஐத் தாண்டினால் தளரும். 40ஐ ஒட்டினால் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். அரசு விதிப்படி ஒரு கிராம் பொடியில் குறைந்தது 20 லட்சம் உயிர் வித்துகள் இருக்க வேண்டும். கம்பெனியில் இருந்து கிளம்பும்போது அது இருந்திருக்கலாம். வயலில் தூவும்போது எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் தேடிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வெப்பநிலையை நாம் சொன்ன இடத்தில் நிறுத்தி வைக்கிற ஒரு அலமாரி. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, ஒரு சின்ன கண்ட்ரோலர், ஒரு குண்டு பல்பு. இவ்வளவுதான் சாமான். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று வாழைக்கு வந்த எனக்கு எலெக்ட்ரீஷியன் வேலை தெரியாது. ஊர் எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். அரை நாள் வேலை.

வாழைக்காரனுக்கு ஏன் இந்தக் கவலை?

பச்சையாற்றுப் பாசனத்தில் மலையடிவாரம் முழுக்க வாழைதான். ஓணத்தைக் கணக்கு வைத்து ஏத்தன் போடுகிறவர்கள் அதிகம். ரஸ்தாளியும் (எங்கள் பக்கம் ரசகதலி) உண்டு. ரசகதலி போட்டவர்களைக் கேட்டால் முதலில் சொல்கிற பெயர் வாடல் நோய். அடி இலைகள் ஓரத்தில் இருந்து மஞ்சளாகி, மட்டை ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும். தண்டின் அடி வெடிக்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடு ஓடியிருக்கும். பியூசேரியம் என்ற மண் பூஞ்சையின் வேலை இது. மரத்துக்குள் ஏறிவிட்டால் மருந்து கிடையாது, ரசாயனத்திலும் கிடையாது. மண்ணில் அதன் வித்து பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

உலகம் இந்தப் பாடத்தை ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்கு நட்ட குரோ மிஷல் என்ற வாழை ரகத்தை இந்த நோய் 1950களில் ஏறக்குறைய துடைத்தே விட்டது. நோயைத் தாங்குகிறது என்று கேவண்டிஷுக்கு மாறினார்கள். இப்போது கேவண்டிஷையும் தாக்குகிற டி.ஆர்.4 என்ற வகை வந்து, பீகார், உத்தரப் பிரதேசம் வரை எட்டிப் பார்த்திருக்கிறது.

வராமல் தடுக்க நம் கையில் இருப்பவை நாலு. நோயில்லாத தோட்டத்துக் கன்று, தண்ணீர் தேங்காத வடிகால், வாழைக்குப் பின் நெல் என்கிற சுழற்சி, அப்புறம் மண்ணில் நல்ல பூஞ்சை. நல்ல பூஞ்சை என்றால் டிரைக்கோடெர்மா. அது வேர்ப் பக்கத்து இடத்தையும் உணவையும் முதலில் பிடித்துக்கொள்ளும். கெட்ட பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைக்கிற நொதியைச் சுரக்கும். கெட்டது வருவதற்கு முன்னால் நல்லது போய் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் உயிரோடு. செத்த பாக்கெட்டைப் போட்டுவிட்டு, "டிரைக்கோடெர்மா போட்டும் வாடல் வந்துருச்சே" என்று இயற்கை வழியையே குறை சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பு இல்லை. அவர்கள் போட்டது வெறும் பவுடர்.

யோசனை எங்கிருந்து வந்தது?

ஐரோப்பா, அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கும் இதே தலைவலி. ஏல் என்ற பீருக்கு ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும். லாகருக்கு 8 முதல் 13. ஏறினாலும் இறங்கினாலும் ருசி கெடும். அதனால் பழைய ஃபிரிட்ஜை எடுத்து, வெளியே ஒரு கண்ட்ரோலரை மாட்டி, நொதிக்க வைக்கிற அலமாரியாக மாற்றிக்கொண்டார்கள். குளிர வேண்டுமென்றால் கம்ப்ரசர் ஓடும், சூடு வேண்டுமென்றால் பல்பு எரியும்.

நம்ம ஊரில் வீட்டில் மது காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போக வேண்டாம். அவர்களுடைய அலமாரி மட்டும் நமக்குப் போதும். ஈஸ்டும் பூஞ்சைதான், டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். டிகிரிதான் வேறு.

அலமாரி செய்வது எப்படி?

முதல் தேவை கம்ப்ரசர் ஓடுகிற ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். 165 லிட்டர் போதும். கதவு ரப்பர் நன்றாகப் பிடிக்க வேண்டும். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

இரண்டாவது, எஸ்.டி.சி. 1000 என்ற வெப்பநிலைக் கண்ட்ரோலர். முட்டைப் பொரிப்பான், மீன் தொட்டி சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். 220 வோல்ட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இதில் குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு சுவிட்சுகள் உள்ளே இருக்கின்றன. பின்னால் 8 முனைகள் இருக்கும். 1, 2 மின்சாரம் வர. 3, 4 வெப்பம் பார்க்கிற சென்சார் ஒயருக்கு. 5, 6 சூட்டுக்கு. 7, 8 குளிருக்கு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 5 முதல் 8 வரை உள்ள முனைகளில் தானாகக் கரண்ட் வராது. அவை வெறும் சுவிட்ச். பேஸ் ஒயரில் இருந்து கிளை எடுத்து 5க்கும் 7க்கும் கொடுக்க வேண்டும். 6இல் இருந்து பல்புக்கு, 8இல் இருந்து ஃபிரிட்ஜ் பிளக் சாக்கெட்டுக்கு. நியூட்ரல் இரண்டுக்கும் நேராகப் போகும். மாடலுக்கு மாடல் மாறலாம். மேலே ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்தே மாட்டுங்கள். எர்த் கட்டாயம். ஷாக் அடித்தால் துண்டிக்கிற பிரேக்கர் இருந்தால் நல்லது.

மூன்றாவது, 40 வாட்ஸ் குண்டு பல்பு. எல்.இ.டி. வேலைக்கு ஆகாது, அதில் சூடு வராது. பல்பை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து கீழ்த்தட்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் எதுவும் தொடக்கூடாது. மேலே ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேனை ஓடவிட்டால் காற்று சுற்றும். மேல்தட்டு, கீழ்த்தட்டு வித்தியாசம் குறையும்.

ஃபிரிட்ஜ் சுவரில் ஓட்டை போடாதீர்கள். குளிர்வாயுக் குழாய் உள்ளே எங்கே ஓடுகிறது என்று வெளியே தெரியாது. புதிய ஃபிரிட்ஜ் பலவற்றில் ஆர்600ஏ என்ற தீப்பிடிக்கிற வாயு இருக்கிறது. பின்னால் உள்ள ஸ்டிக்கரில் அது போட்டிருந்தால் அந்த ஃபிரிட்ஜ் இதற்கு வேண்டாம், உள்ளே பல்பு வைப்பது ஆபத்து. ஒயர்களைக் கதவு ரப்பர் இடுக்கு வழியாகவே கொண்டுபோங்கள்.

இனி அளவு வைப்பது. ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிரில் திருப்பி விட்டுவிடுங்கள். இனிமேல் முடிவெடுப்பது நம்ம கண்ட்ரோலர். அதில் எஃப்1 என்பது நமக்கு வேண்டிய டிகிரி: 28. எஃப்2 ஏற்ற இறக்கம்: 1. எஃப்3 கம்ப்ரசர் ஒருமுறை நின்றால் எத்தனை நிமிடம் கழித்து மறுபடி ஓடலாம் என்பது: 5க்குக் குறையாமல் வையுங்கள். நம்ம ஊர் கரண்ட் போய்ப் போய் வருவதற்கு இது இல்லாவிட்டால் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும். எஃப்4 சென்சார் தப்பாகக் காட்டினால் சரி செய்ய.

சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். ஒரு பையோடு ஒட்டி, மேலே தெர்மகோல் துண்டு வைத்துக் கட்டுங்கள். வளர்கிற உயிர் தானே சூடு விடும். காற்று 28 காட்டும்போது பைக்குள்ளே 31, 32 ஓடிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வயல்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, குளிரப் பெட்டிக்குள்ள பல்பை எரிய விட்டிருக்கிய?" என்றார். சிரிப்பாகத்தான் இருக்கும். மார்கழி ராத்திரியில் 22க்கு இறங்குகிற ஊரில்தான், வைகாசியில் 38க்கு ஏறுகிறது. அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது.

கரண்ட் இல்லாமல்?

டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களிலேயே காட்டிய வழி ஒன்று உண்டு. செங்கல்லால் இரட்டைச் சுவர். நடுவில் சுமார் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி. அதில் ஆற்று மணல். காலை, மாலை மணலை நனைக்க வேண்டும். மேலே ஓலை மூடி, மேலே நிழல். மணலில் உள்ள ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். வறண்ட காற்றில்தான் இது நன்றாக வேலை செய்யும். ஆனி, ஆடியில் காற்று அள்ளிப் போடுகிற நம்ம பக்கத்துக்கு ரொம்பப் பொருத்தம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெரிய பலன் இருக்காது. டிகிரியைத் துல்லியமாக நிறுத்த இதனால் முடியாது. வாங்கிய பாக்கெட்டை வெயில் காலத்தில் காப்பாற்றி வைக்க இது போதும்.

பாக்கெட் உயிரோடு இருக்கிறதா?

அலமாரியின் முதல் உபயோகம் இந்தச் சோதனை. மூன்று கண்ணாடி பாட்டிலில் முக்கால் வேக்காட்டுச் சோறு நாலைந்து ஸ்பூன் போட்டு, வாயில் பஞ்சு அடைத்து, குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். ஆறியதும் ஒன்றில் சந்தேகப்படுகிற பாக்கெட்டில் இருந்து ஒரு சிட்டிகை. இன்னொன்றில் நல்லது என்று தெரிந்த வித்து. மூன்றாவதில் எதுவும் போடாதீர்கள். 28 டிகிரியில் வையுங்கள். உயிர் இருந்தால் இரண்டு, மூன்று நாளில் வெள்ளை இழை படரும், ஐந்தாறு நாளில் பச்சை பிடிக்கும். ஒன்றும் போடாத பாட்டிலிலும் ஏதாவது முளைத்தால் நம்ம சுத்தம் போதவில்லை என்று அர்த்தம். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

போன வைகாசியில் நாலு பாக்கெட்டை இப்படிப் பார்த்தேன். நாலும் காலாவதி தேதிக்குள்தான் இருந்தன. இரண்டில் பச்சை வந்தது. ஒன்றில் கறுப்புப் பூஞ்சை. ஒன்றில் எதுவுமே வரவில்லை. எண்ணிக்கை எவ்வளவு என்று இந்தச் சோதனை சொல்லாது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். நமக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

வளர்ப்பது

தாய் வித்தை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, கோவை வேளாண் பல்கலைக்கழகம், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் பயிர் நோயியல் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

சோளத்தை ராத்திரி ஊறவைத்து, காலையில் அரைவேக்காடாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, துணியில் பரப்பி மேல் ஈரத்தை உலர்த்துங்கள். கையில் பிடித்தால் ஒட்டக்கூடாது. காளான் வித்துக்குப் பயன்படுத்துகிற சூடு தாங்கும் பையில் 250 கிராம் வீதம் போட்டு, கழுத்தில் பஞ்சு அடைத்து, குக்கரில் விசில் வெயிட்டோடு ஒரு மணி நேரம் வையுங்கள். முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு வித்துப் போட்டால் அதுவும் வெந்துவிடும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஸ்பிரிட் விளக்குப் பக்கத்தில் வைத்து, பைக்கு அரை ஸ்பூன் தாய் வித்தைப் போட்டு, பஞ்சை அடைத்து, குலுக்கி, அலமாரியில் வையுங்கள்.

பையை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி மூடாதீர்கள். இதற்குக் காற்று வேண்டும். மூன்றாம் நாள் வெள்ளை படர்ந்ததும் ஒருமுறை குலுக்கி, தினமும் கொஞ்ச நேரம் பகல் வெளிச்சம் காட்டுங்கள். வெயில் படக்கூடாது. வெளிச்சம் பட்டால் பச்சை வித்து வேகமாகப் பிடிக்கும். 10, 12 நாளில் தயார்.

கறுப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எது தெரிந்தாலும், புளித்த நாற்றம் வந்தாலும், சோளம் பிசுபிசுத்தாலும் அந்தப் பையைத் திறக்காமலே குக்கரில் வேகவைத்துப் புதைத்துவிடுங்கள். நல்ல பையைக் கொட்டும்போதும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வித்துத் தூள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. நாம் வளர்த்ததில் இருந்தே திரும்பத் திரும்ப வித்து எடுக்காதீர்கள். இரண்டு தலைமுறைக்கு மேல் போனால் வீரியமும் சுத்தமும் குறையும்.

சூடோமோனாஸையும் இப்படி வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் தைரியம் இல்லை. டிரைக்கோடெர்மா கெட்டால் நிறம் காட்டிக் கொடுக்கும். சூடோமோனாஸ் பாக்டீரியா. கலங்கிய தண்ணீரில் இருப்பது நல்லதா கெட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதை வாங்கிக்கொள்வோம், குளிர்ச்சியில் வைத்துக்கொள்வோம்.

வயலுக்குக் கொண்டுபோவது

நன்றாக மக்கிய தொழுவுரம் 90 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 10 கிலோ, நாம் வளர்த்த சோளம் ஒரு கிலோ. கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் தெளித்து, மரத்தடியில் ஈரச் சாக்கால் மூடி 15 நாள் வையுங்கள். மூன்று, நாலு நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள். பச்சைச் சாணியைப் போட்டால் குவியல் 60 டிகிரிக்குப் போய், இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை ஒரே நாளில் கொன்றுவிடும். அலமாரியில் பார்த்த அதே டிகிரிக் கணக்கு குவியலுக்கும் உண்டு. கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சுடக்கூடாது.

நான் நடும்போது குழிக்கு அரை கிலோ போடுகிறேன். மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும் மறுபடி அதே அளவு. ஏக்கருக்கு 1,000 வாழை என்றால் ஒரு முறைக்கு 500 கிலோ எரு, அதற்கு 5 கிலோ சோள வித்து. அதாவது 20 பை. மூன்று தட்டில் அடங்கிவிடும். மண்ணில் ஈரம் இருக்கும்போது போட்டு மூடாக்கு போடுங்கள். பாதி மாறியும் மாறாமலும் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கன்றை கார்பன்டாசிமில் முக்கி நட்டுவிட்டு டிரைக்கோடெர்மா போடாதீர்கள். அந்த மருந்து நல்ல பூஞ்சையையும் சேர்த்துக் கொல்லும்.

கணக்கு

பழக்க தோஷம், கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. ஃபிரிட்ஜ் 1,500. கண்ட்ரோலர் 700. பல்பு, ஹோல்டர், ஒயர், சாக்கெட் 450. ஃபேன் 150. எலெக்ட்ரீஷியன் கூலி 500. மொத்தம் ரூ. 3,300. கம்ப்ரசர் 120 வாட்ஸ், நாளைக்கு 4 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். 12 நாளைக்கு 6 யூனிட். வீட்டு இணைப்பிலேயே வையுங்கள். இலவச விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்காகக் கொடுத்தது. அதில் இதை மாட்டினால் விதிமீறல்.

பாக்கெட் விலையோடு ஒப்பிட்டால் ஒரு ஏக்கர்காரருக்கு இதில் பெரிய மிச்சம் கிடையாது. அதை ஒளித்துவிட்டு, "லட்சம் மிச்சம்" என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஏக்கர் வாழைக்குப் போடுகிற முதல் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பாதிக்கும் மேலே அது கடன் பணம். அந்த முதலுக்கு நாம் வைத்திருக்கிற காவல்காரன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் பத்து மாதம் காத்திருப்பதுதான் உண்மையான நஷ்டக் கணக்கு.

அதனால் ஆளுக்கு ஒரு அலமாரி தேவையில்லை. பத்து வாழைக்காரர்கள் சேர்ந்தால் தலைக்கு ரூ. 330. சுத்தமாக வேலை செய்கிற ஒரு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இட்லி மாவு, தோசை மாவு அரைத்து விற்கிற பெண்கள் குழுக்களுக்கு நொதிப்பின் பக்குவம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் கையில் கொடுத்தால் இன்னும் சிறப்பு. வித்தை விற்கக் கிளம்பிவிடாதீர்கள். 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் டிரைக்கோடெர்மாவும் அடங்கும். பதிவும் உரிமமும் இல்லாமல் விற்க முடியாது. சொந்த வயலுக்கு வளர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நடவுக்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்கினால் சரியாக இருக்கும். ஒரு மாதம் அலமாரி செய்யவும் சோதனைக்கும். 12 நாள் வளர்ப்புக்கு. 15 நாள் எருக் குவியலுக்கு. முதல் வேலையாக, உங்கள் பம்ப்செட் ரூம் பரணில் கிடக்கிற பாக்கெட்டை இறக்கி, சோற்றுப் பாட்டிலில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். பச்சை வந்தால் சந்தோஷம். வராவிட்டால், இந்த வருஷம் ரசகதலிக் குழியில் வெறும் பவுடர் விழாமல் தப்பித்தீர்கள்.